ஞாயிற்றுக்கிழமைக் கழுவல்

என் வீட்டுக்காரருடைய தங்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினாள். வீட்டில் எங்களுக்கு அவள் சின்னவள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் லிஃப்ட்டம்மா. அந்த வேலையைப் பற்றியும், அதில் அவள் உடம்பு பட்ட பாட்டைப் பற்றியும்தான் இங்கே சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால் அதுவே எனக்குப் போதும்.

அது பழைய காலத்து லிஃப்ட். ஸ்ட்ரெச்சர் நுழைகிற நீளத்துக்குச் செய்தது. இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. உள்ளே ஓரமாக ஒரு இரும்புக் கைப்பிடி. ஒரு பக்கம் தள்ளினால் ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மாடியின் தரையும் லிஃப்டின் தரையும் ஒட்டினாற்போல் நிறுத்த வேண்டும். கொஞ்சம் மேடு தட்டினாலும் சக்கரம் இடித்து, ஆபரேஷன் செய்த வயிறு குலுங்கிவிடும். சின்னவள் நிறுத்தினால் நோயாளிக்குத் தூக்கம் கூடக் கலையாது என்று வார்டில் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெட்டிக்குள் அவளுக்கு இருந்தது ஒரு முக்காலி, ஒரு சிறிய மின்விசிறி, அப்புறம் அந்தப் பெருமை. வெளியே வெயிலா மழையா என்று ஏறுகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் லிஃப்டை விட்டு நகரக் கூடாது. முன்பெல்லாம் மாற்று ஆள் ஒருவர் இருந்தார், அவசரத்துக்கு வந்து நிற்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசல் காவலாளி வந்து கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வார். மற்றபடி வயிறு வலித்தாலும் சரி, வேறு எது முட்டினாலும் சரி, மாலை லிஃப்ட்காரி வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மாலை லிஃப்ட்காரி நல்ல மனசுக்காரி, வாய்தான் ஓயாது. சின்னவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு உபதேசம் செய்துவிட்டாள்.

"இங்க பாரு, தண்ணி உள்ள போனாத்தானே வெளிய வரும்? வாசலையே சாத்திடு. பல் தேய்ச்சதும் ஒரு வாய், சாப்பாட்டுக்கு ஒரு வாய். அவ்வளவுதான்."

"உடம்பு தாங்குமா அக்கா?"

"நான் தாங்கலையா? ஆறு நாள் அடைச்சு வெச்சதை ஏழாவது நாள் அலசி விட்டுடணும். அதுக்கு என்கிட்ட பொடி இருக்கு."

லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்குள் அதற்குப் பெயரே கழுவல். அந்தப் பொடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் பேரில்லாத காகிதப் பொட்டலத்தில் கிடைக்கும். வெறும் வயிற்றில் வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அன்று முழுக்கச் சாப்பாடு கிடையாது. வயிறு தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்கும். சாயங்காலம் சின்னவள் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, "அப்பாடா, உள்ள இருந்த விஷமெல்லாம் போயிடுச்சு அண்ணி, பஞ்சு மாதிரி இருக்கு" என்பாள். மயக்கத்தைத்தான் அவள் லேசு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது அப்போது எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்ரூம் வாசலில் நிற்பார்.

"ஏம்மா, உள்ளேயே குடி போயிட்டியா? கதவுல பேர் எழுதி மாட்டிடவா?"

"ஆறு நாள் உனக்கே விட்டுக் கொடுத்தேன்ல அண்ணா. ஒரு நாள் பொறுத்துக்கோ."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிரிக்கிற விஷயமாக அது ரொம்ப நாள் இருக்கவில்லை. அவளுக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. தலைவலி விடாமல் வந்தது. முழங்கால் வலிக்கு என்று மருந்துக் கடையில் தானாகவே மாத்திரை வாங்கி, பொரி கொறிப்பதுபோல் போட்டுக்கொண்டாள். நீர் பிரியும்போது எரிச்சல், அதுவும் கடுங்காப்பி நிறத்தில் என்று ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"லீவு சொல்லிட்டு டாக்டரைப் பாரேன்மா. டாக்டருங்க நடுவுலதானே நாள் பூரா நிக்கிற?"

"அவங்களை ஏத்தி இறக்கத்தான் அண்ணி எனக்கு நேரம். காட்டறதுக்கு எங்க நேரம்?"

அவள் லீவு சொல்லப் பயந்ததற்குக் காரணம் வேறு. கல்யாணம் செய்து கொடுத்த இடத்திலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். அண்ணன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கடவுள் அறிய முகம் சுளித்ததில்லை. இருந்தாலும், என் சோறு என் கையில் இருக்கட்டும் என்று வைராக்கியமாக இருந்தாள். அந்த வேலை போனால் இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? அதனால் வேலையை விட முடியவில்லை. வேலையை விடாதவரை உடம்பைப் பார்க்க முடியவில்லை. இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அந்த எறும்பு அந்த லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை நடந்ததை அவளும், உடன் இருந்த ஒரு பெரியவரும் மாறி மாறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டதால், நான்காவது மாடியில் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள அடிக்கடி வருவார். வந்து ஏறும்போதெல்லாம் ஒரே நகைச்சுவைதான்.

"நாலாவது மாடிக்கு விடும்மா. என் கிட்னி அங்கதான் குடியிருக்கு, பாத்துட்டு வந்துடறேன்."

அன்று மிஷினை முடித்துக்கொண்டு அவர் மட்டும் இறங்குவதற்கு ஏறினார். நான்காவது மாடியை விட்டு லிஃப்ட் நகர்ந்தது. மூன்றாவது வருவதற்குள் ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. விளக்கு மங்கியது, விசிறி ஓய்ந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே வெறும் சுவர். சின்னவள் மணியை அழுத்தினாள். மேலேயிருந்து ஒரு குரல், "இதோ, மெக்கானிக் வந்துகிட்டே இருக்கார்" என்றது. வந்துகொண்டே இருக்கிற மெக்கானிக் லேசில் வந்து சேரவில்லை.

பெரியவரை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு இவள் சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தின நாள் கழுவல். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பொடி போட்டிருந்தாள், எரிச்சல் தீரட்டும் என்று. காலையில் ஒரு வாய்த் தண்ணீர். அந்தப் புழுக்கத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"உக்காரும்மா, கால் நடுங்குது பாரு" என்றார் பெரியவர்.

"பழக்கம்தான் ஐயா. நல்ல வேளை, எனக்குப் பாத்ரூம் தொந்தரவே கிடையாது. நேத்து ராத்திரி போனது. இன்னும் வரவே இல்ல."

அவர் முக்காலியில் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நேத்து ராத்திரியா? இது நல்ல வேளைன்னு யாரு சொன்னது உனக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டம், அடக்குகிறது, மாத்திரை, கழுவல். வேறு யாரிடமும் சொல்லாததை, சுவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள் ஒரு அந்நியரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நானும் அப்படித்தான். குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலி. எவன் எதைக் கொடுத்தாலும் வாயில போட்டேன். மாத்திரை, பொடி, லேகியம். எல்லாம் உள்ள சுத்தம் பண்ணும்னான். சுத்தம் பண்ற ஆளையே அடிச்சுப் போட்டுட்டேன்னு பின்னாலதான் தெரிஞ்சது. எனக்கு நீர் பிரிஞ்சு வருஷம் ஆச்சும்மா. நீ அடக்கறேங்கற. அடக்கறதுக்காவது உனக்கு ஒண்ணு வருது."

சின்னவள் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவர் பையிலிருந்து ஒரு சிறிய மருந்து பாட்டிலை எடுத்தார். அதில் தண்ணீர். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு உண்டு. குடித்தது வெளியே போக வழியில்லாததால் அது நெஞ்சில் போய்த் தேங்கிவிடுமாம். மிஷினிலிருந்து இறங்கினால் தொண்டை காய்ந்துபோகும், அப்போது நனைத்துக்கொள்ள வீட்டில் ஊற்றிக் கொடுத்த பங்கு அது. அதை அவள் வாயருகே கொண்டு வந்தார்.

"வேணாம் ஐயா. அது உங்க பங்கு."

"நான் குடிச்சா அது உள்ளேயே வேலை இல்லாம உக்காந்திருக்கும். உன்கிட்ட அதுக்கு வேலை இருக்கு. வேலை இருக்கற இடத்துக்குப் போகட்டும், குடி."

அவள் அழுதுகொண்டே குடித்தாள். மெக்கானிக் வந்து மோட்டார் சக்கரத்தைக் கையால் சுழற்றி லிஃப்டை இறக்கியபோது, வெளியே வந்த ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தது லிஃப்ட்டம்மா. கூட நடந்து வந்தவர் நோயாளி.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னார். தினமும் சின்னவளின் லிஃப்டில் ஏறுகிறவர்தான்.

"கிட்னி ரொம்பக் காஞ்சு போயிருக்கு. கிருமியும் சேர்ந்திருக்கு. இன்னும் கைவிட்டுப் போகலை. ஆனா இப்படியே போனா, நீங்களும் நாலாவது மாடிக்குத்தான் வருவீங்க. ஓட்டறதுக்கு இல்ல."

"அந்த விஷமெல்லாம் வெளிய எடுக்கத்தானே டாக்டர் பொடி சாப்பிட்டேன்?"

"அதுக்குத்தான் ஈரலும் கிட்னியும் இருக்கே. ராப்பகலா அதே வேலை. நாம புதுசா ஆள் வெக்க வேணாம், இருக்கற ஆளுக்குத் தண்ணி கொடுத்தா போதும்."

நான் அதிகம் படித்தவள் இல்லை. அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு மாதிரி விழுந்தது. ஆண்டவன் நம்மை அனுப்பும்போதே உள்ளே வேலையாட்களையும் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். நாம் ஆறு நாள் அவர்களைப் பட்டினி போட்டு, ஏழாவது நாள் சாட்டையால் அடிக்கிறோம். வாரம் பூராவும் பாவம் செய்துவிட்டு ஒருநாள் மொத்தமாக மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது என்று கடவுளிடமே பேரம் பேச முடியாது. உடம்பிடம் எப்படிப் பேசுவது?

வீட்டில் மாற்றியதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். உப்பைக் குறைத்தேன். முதல் இரண்டு நாள் என் வீட்டுக்காரர், "சமைக்க மறந்துட்டியா, இல்ல உப்பு கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. காய், கீரை, பழம் தட்டில் முக்கால் பங்கு வந்தது. எண்ணெயில் பொரித்தது போயிற்று. வலி மாத்திரை டாக்டரம்மா சொன்னபடி நின்றது. சாப்பிட்டபின் தெரு முனை வரை நானும் அவளும் நடந்தோம். நேரத்தோடு படுக்க வைத்தேன். பொடிப் பொட்டலங்களை அவளே குப்பையில் போட்டாள். தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கப் பரவலாகக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் எல்லாம் வந்து முட்டியது. குடித்த தண்ணீர் வெளியே போக வேண்டும் என்று கேட்டது. சட்டம் கூடாது என்றது.

மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். கெட்டவர் இல்லை, நின்றபடியே சாப்பிடுகிற அளவுக்கு அவருக்கும் வேலை.

"சார், நடு நடுவுல கொஞ்ச நேரம் இறங்கிப் போய்ட்டு வர அனுமதி வேணும்."

"அந்த நேரத்துல ஆபரேஷனுக்கு ஒரு பேஷண்ட் வந்து நின்னா? லிஃப்ட்டம்மா பாத்ரூம் போயிருக்காங்க, உயிரைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கோங்கன்னு சொல்லட்டுமா?"

"மாத்து ஆள் ஒருத்தர்..."

"கேட்டுட்டுதான் இருக்கேன். மேல யாரும் காதுல போட்டுக்கல."

அவள் லிஃப்டுக்குத் திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோதும், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொன்னாள். அதுதான் கொடுமை. கத்திச் சண்டை போட ஒரு அநியாயக்காரனாவது கிடைத்திருக்கலாம்.

சில நாள் அனுமதி இல்லாமலே போய் வந்தாள். இரண்டாவது மாடியில் லிஃப்டை நிறுத்தி, கம்பிக் கதவைப் பூட்டி, ஓட்டமாக ஓடுவாள். திரும்பி வரும்போது கதவைத் தட்டுகிற சத்தம் வழியெல்லாம் கேட்கும். ஒரு நாள் அவள் வந்தபோது ஸ்ட்ரெச்சரில் ஒரு பிரசவக்காரி துடித்துக்கொண்டிருந்தாள். தள்ளி வந்த ஆள், "உனக்கு அவ்வளவு அவசரம்னா இவளுக்கு எவ்வளவு இருக்கும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் சின்னவள் அன்று சாயங்காலம் மாலை லிஃப்ட்காரியிடம் சாவியைக் கொடுக்கும்போது நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

"உனக்கு உடம்பு ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றாள் மாலை லிஃப்ட்காரி. "பொடியைக் கொஞ்சமா ஆரம்பிச்சிருக்கணும்."

"நீங்களும் விட்டுடுங்க அக்கா. ஒரு தடவை ரத்தம் பாருங்க."

"பாத்து எதாவது இருக்குன்னு சொல்லிட்டா, நான் யார்கிட்ட சாவியைக் கொடுக்கறது?"

அன்று வீட்டில் சின்னவள் தண்ணீர்ச் செம்பை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குடித்தால் யாரோ ஒரு நோயாளி காத்திருக்க வேண்டும். குடிக்காவிட்டால் இவளே நோயாளி. நான் பிரார்த்தனை செய்துவிட்டு வந்து பார்த்தபோதும் செம்பு அப்படியே இருந்தது.

"என்னம்மா?"

"இன்னொரு லிஃப்ட் இருக்கு அண்ணி. பின்பக்கம். அழுக்குத் துணி ஏத்தற லிஃப்ட். அதைக் கேக்கலாம்னு இருக்கேன்."

"அது உனக்கு மூச்சு முட்டும்னு சொல்லுவியே."

"ஆமா. ஆனா துணி மூட்டை அவசரப்படுத்தாது."

கேட்ட உடனே கொடுத்துவிட்டார்கள். அந்த வேலையை யாரும் விரும்பிக் கேட்டதில்லையாம். அவளுடைய பழைய லிஃப்டுக்கு வேறொரு பெண் வந்தாள். அந்தப் பெண்ணிடம் முதல் நாளே சின்னவள் போய்ப் பொடி வாங்காதே என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண், "அப்ப எப்படி அடக்கறது?" என்று கேட்டிருக்கிறாள்.

போன மாதம் மறு பரிசோதனை. எரிச்சல் போய்விட்டது, கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கிட்னியின் நிலையை ரத்தத்தில் காட்டுகிற அளவு பாதி வழிக்குத்தான் திரும்பியிருந்தது. மீதி திரும்புமா என்று நானும் என் வீட்டுக்காரரும் கேட்டோம். "பொறுத்துதான் பாக்கணும், இதே மாதிரி நடந்துக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. என் பிரார்த்தனையில் அந்த மீதிப் பாதியைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று முடிவை வாங்கிக்கொண்டு நான் அவள் வேலை பார்க்கிற இடத்துக்குப் போனேன். தரைக்குக் கீழே, துணி வெளுக்கிற கூடத்தை ஒட்டி. ஆவியும் சோப்பு வாடையும், அதற்கு அடியில் வேறொரு வாடையும். இந்த லிஃப்டுக்குக் கம்பிக் கதவு இல்லை, முழு இரும்புக் கதவு. முக்காலிக்கும் இடமில்லை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளிதான். பேச்சுக்கு ஏங்குகிறவள் அவள். ஒவ்வொரு மாடியிலும் நாலு முகம் பார்த்து, நாலு வார்த்தை பேசிப் பழகியவள்.

"பாதி வந்திருக்காம்மா" என்றேன்.

"பாதியா? சரி."

கூடத்து ஓரத்தில் இருந்த குழாயில் பாட்டிலை நிரப்பி, நின்று நிதானமாகக் குடித்தாள். பிறகு, "இருங்க அண்ணி, போய்ட்டு வந்துடறேன்" என்று பக்கத்திலிருந்த கதவுக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து மேலே எந்த மாடியிலிருந்தோ மணி அடித்தார்கள். திறந்த லிஃப்டின் முன்னால் மூட்டைகளோடு நானும் நின்றேன். மறுபடி அடித்தார்கள். எனக்குத்தான் பதறியது. அவள் ஓடி வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

"அடிக்கட்டும்" என்றாள். மூட்டைகளை முழங்கையால் தள்ளி, தனக்கு இடம் செய்துகொண்டு உள்ளே நின்றாள். "வீட்டுக்குப் போங்க அண்ணி, இங்க நிக்காதீங்க, ஆவி அடிக்கும்."

இரும்புக் கதவை இழுத்தாள். முதலில் தோள் மறைந்தது, அப்புறம் முகம். உள்ளேயிருந்து அவள் கைப்பிடியைத் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.